சுருக்க முகவரியும் எண்ணப்படும் சொடுக்கும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களை முன்வைத்து

நெய்யாற்றின்கரை என்னும் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதினால், கணினி அதனை 15 ஒருங்குறி இடங்களில் சேமிக்கிறது. புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனி இடம் பெறுவதே இதற்குக் காரணம். ஒவ்வோர் இடமும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகிறது. இணைய முகவரியில் ஆங்கிலம் அல்லாத எழுத்து வரும்போது, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியாகவும் இரண்டு பதினறும இலக்கங்களாகவும் விரிகிறது. ஆக, ஓர் இடத்திற்கு ஒன்பது குறிகள்; நெய்யாற்றின்கரைக்கு 135 குறிகள். பக்கத்து ஊரான பாறசாலைக்கு ஏழு இடங்கள், 63 குறிகள்.

2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ட்விட்டரில் ஒரு பதிவின் வரம்பு 140 குறிகளாக இருந்தது. ஓர் ஊரின் பெயரைத் தமிழில் தாங்கிய முகவரியை உலாவியிலிருந்து படியெடுத்து ஒட்டினால், அந்தப் பெயர் மட்டுமே பதிவு முழுவதையும் விழுங்கிவிடும். குறுஞ்செய்தியின் நிலை இதனினும் நெருக்கடியானது. ஆங்கிலத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ மலையாள எழுத்தோ வந்துவிட்டால் 70 குறிகளாகச் சுருங்குகிறது. வணிகக் குறுஞ்செய்திக்குக் கட்டணம் துண்டுக் கணக்கில் வசூலிக்கப்படுவதால், தமிழில் விளம்பரம் செய்பவர் ஆங்கிலத்தில் விளம்பரம் செய்பவரைவிட விரைவில் இரண்டாம் துண்டுக்கும் மூன்றாம் துண்டுக்கும் பணம் கட்ட நேர்கிறது.

இணைய முகவரியைச் சுருக்கும் சேவைகளைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்படுகின்றன. இந்தியமொழி எழுத்துகளைப் பயன்படுத்துவோருக்கு அச்சேவை வசதியாக மட்டும் இருக்கவில்லை. செலவைக் குறைக்கும் வழியாகவும் இருந்தது. ஆனால் முகவரியைச் சுருக்கித் தந்த கையே, அதனைச் சொடுக்கியவர் யார், எங்கிருந்து, எப்போது என்பதையும் எண்ணத் தொடங்கியது. சுருக்கமும் எண்ணிக்கையும் இவ்வாறு ஒன்றாய்ப் பிணைந்தது எவ்வாறு, அதனால் ஓர் எல்லைப்புறத்து மக்களுக்கு நேர்வது என்ன என்னும் இரு வினாக்களும் சேர்த்து ஆராயத்தக்கவை.

1. தந்தி விலாசம் என்னும் முன்னோடி

முகவரியைச் சுருக்கிப் பதிவேட்டில் ஏற்றிவைக்கும் வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. இந்தியாவில் 1855இல் மின்தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தந்திக்குச் சொற்கணக்கில் கட்டணம். பன்னாட்டுத் தந்தியிலோ பெறுபவரின் பெயரும் தெருவும் ஊரும் கூடக் கட்டணத்திற்குரிய சொற்களாயின. எனவே வணிக நிறுவனங்கள் ஒரே சொல்லைத் தம் முகவரியாகத் தந்தி அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டன. அதற்கென ஒரு கட்டணமும் உண்டு. கடைகளின் கடிதத் தாள்களிலும் விலைப்பட்டியல்களிலும் ‘தந்தி விலாசம்’ என்று அச்சிடப்பட்ட ஒற்றைச் சொல் அதுவே.

தந்தி அலுவலகத்தில் எழுத்தர் ஒரு பதிவேட்டை வைத்திருப்பார். இடப்பக்கம் சுருக்கச் சொல். வலப்பக்கம் முழு முகவரி. தந்தி வந்ததும் சொல்லைப் பதிவேட்டில் தேடி, உரிய கதவுக்கு ஆளை அனுப்புவார். இன்று சுருக்க முகவரி நிறுவனம் ஒன்றின் வழங்கியில் நிகழ்வதும் இதுவே. ஒரு குறுங்குறி, அதற்கு நேரே ஒரு நெடுமுகவரி, இடையில் ஒரு தேடல்.

இந்த ஒப்புமையில் இரண்டு கூறுகள் கவனத்திற்குரியவை. முதலாவது, பதிவேடு முகவரிக்குரியவரிடம் இல்லை. இடைநிலையில் இருப்பவரிடம் இருந்தது. பதிவைப் புதுப்பிக்கத் தவறினால் சொல் கைவிட்டுப் போகும். இரண்டாவது, தந்தி எழுத்தர் யாருக்கு எத்தனை தந்தி வருகிறது என்பதை அறியும் இடத்தில் இருந்தார். எனினும் அந்த அறிவை விற்பனைப் பொருளாக்கும் ஏற்பாடு தந்தித் துறையில் இல்லை. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுக்கு வந்தபோது, தந்தி விலாசங்கள் அனைத்தும் ஒரே நாளில் பொருளற்ற சொற்களாயின.

திருவிதாங்கூர்ப் பகுதிக்கு இதில் தனி வரலாறு உண்டு. சமஸ்தானத்திற்கு உள்ளே கடிதம் கொண்டுசென்றது அரசின் ‘அஞ்சல்’ துறை. அது 1888இல் சங்கு முத்திரை பொறித்த தன் முதல் தபால்தலையை வெளியிட்டது. 1951இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைக்கப்பட்டது. பிரித்தானிய இந்தியத் தபாலும் சமஸ்தானத்து அஞ்சலும் அதுவரை அருகருகே இயங்கின. ஒரே ஊரில் வாழ்பவர் இரு வேறு அமைப்புகளின் பதிவேடுகளில் இடம்பெறும் நிலை இப்பகுதிக்குப் புதிதன்று.

2. வாங்குபவர் எங்கிருந்து வந்தார்?

விளம்பரத்தைக் கண்டு வந்தவரை எண்ணும் முயற்சியும் இணையத்திற்கு முற்பட்டதே. ஒரே பொருளுக்கு இரு பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்கும் வணிகர், எது பயன் தந்தது என்பதை அறிய எளிய உத்தி ஒன்றைக் கையாண்டார். முகவரியில் ஒரு பொய்யான துறை எண்ணைச் சேர்ப்பார்; ஒரு பத்திரிகையில் ‘துறை 5’, மற்றொன்றில் ‘துறை 9’. வரும் கடிதங்களின் உறையைப் பார்த்தாலே கணக்குத் தெரிந்துவிடும். கத்தரித்து அனுப்பும் சீட்டுகளும் இதே நோக்குடையவை. அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் வெளியிட்ட ‘சயின்டிஃபிக் அட்வர்டைசிங்’ என்னும் நூல், எண்ணிப் பார்க்காத விளம்பரம் குருட்டுச் செலவு என்னும் கொள்கையை வகுத்துரைத்தது.

இந்த முறையில் ஒரு வரம்பு இருந்தது. எண்ணப்பட்டவர் தாமாகக் கடிதம் எழுதியவர். தம் பெயரையும் முகவரியையும் தம் கையால் கொடுத்தவர். விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவர் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. சொடுக்கு இந்த வரம்பைத் தகர்த்தது. எதுவும் வாங்காதவரும், எதையும் எழுதாதவரும், வெறும் ஆவலில் விரலைத் தொட்டவரும் பதிவேட்டில் ஒரு வரியாக ஏறலாயினர்.

3. சுருக்கியின் பிறப்பும் செயல்முறையும்

1994ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் முதன்மையானது. இணைய முகவரியின் இலக்கணத்தை வரையறுத்த ஆவணம் அவ்வாண்டு டிசம்பரில் வெளியாயிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன், அக்டோபர் 27 அன்று, ‘ஹாட்வயர்டு’ இதழின் இணையப்பக்கத்தில் சொடுக்கத்தக்க பதாகை விளம்பரங்கள் தோன்றின. பயனரின் உலாவியில் சிறு அடையாளத்தை விட்டுவைக்கும் ‘குக்கி’ என்னும் உத்தியை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கியதும் அவ்வாண்டிலேதான். முகவரி, சொடுக்கு, அடையாளம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே வேளையில் அமைந்துவிட்டன.

2002இல் கெவின் கில்பர்ட்சன் தொடங்கிய டைனியூஆர்எல், நெடுமுகவரிகள் மின்னஞ்சலில் உடைந்துபோகும் இடரைத் தீர்க்க வந்தது. அதன் நோக்கம் சுருக்கம் மட்டுமே. 2008இல் தோன்றிய பிட்.லி, சுருக்கிய முகவரியை எத்தனை பேர் சொடுக்கினர் என்னும் கணக்கையும் உடன் வழங்கியது. 2009இல் ட்விட்டர் தன் இயல்புநிலைச் சுருக்கியாக டைனியூஆர்எல்லை விட்டுப் பிட்.லியை ஏற்றது. அதே ஆண்டு டிசம்பரில் கூகுள் தன் கூ.ஜிஎல் சேவையை அறிவித்தது. பின்னர் ட்விட்டர் தனக்கென டி.கோ என்னும் சுருக்கியை அமைத்து, தன் தளத்தில் பகிரப்படும் எல்லா இணைப்புகளையும், அவை நெடியவையாயினும் குறியவையாயினும், அதன் வழியே திருப்பிவிட்டது. அப்போது சுருக்கம் என்னும் காரணம் உதிர்ந்துபோய், எண்ணிக்கை மட்டுமே எஞ்சியது.

இதன் செயல்முறை எளியது. ஆங்கிலப் பேரெழுத்து 26, சிற்றெழுத்து 26, எண் 10 எனக் குறிகள் 62. ஆறு இடங்கள் கொண்ட குறுங்குறி ஒன்றை இவற்றைக்கொண்டு அமைத்தால் 5,680 கோடிக்கும் மேற்பட்ட வேறுவேறு முகவரிகள் கிடைக்கும். பயனர் சொடுக்கியதும் உலாவி முதலில் சுருக்கியின் வழங்கியை அணுகுகிறது. வழங்கி, ‘நீர் தேடுவது வேறிடத்தில் உள்ளது’ என்னும் பொருளில் 301 அல்லது 302 என்னும் விடையை நெடுமுகவரியோடு சேர்த்து அனுப்புகிறது. 301 நிலையான இடமாற்றத்தைக் குறிப்பது; உலாவி அதனை நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை நேரே இலக்குக்குச் செல்லக்கூடும். 302 தற்காலிக இடமாற்றம். ஒவ்வொரு முறையும் வழங்கியைக் கேட்டே செல்ல வேண்டும். எண்ண விரும்புவோர் 302ஐ நாடுவதன் காரணம் விளங்கும்.

இடைப்பட்ட அந்த நொடிப்பொழுதில் வழங்கியின் குறிப்பேட்டில் நேரம், ஐபி எண், உலாவியின் வகை, கருவியின் வகை, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது, உலாவி விரும்பும் மொழி ஆகியன பதிவாகின்றன. இலக்கு முகவரியின் வாலில் ‘யூடிஎம்’ என்னும் குறிப்புகளையும் விளம்பரதாரர் ஒட்டிவைப்பதுண்டு. எந்த ஊடகம், எந்த இயக்கம், எந்த விளம்பரம் என்பதை அவை சொல்லும். கூகுள் 2005இல் வாங்கிய அர்ச்சின் என்னும் நிறுவனத்தின் பெயர் அக்குறிப்பின் முதலெழுத்தில் இன்னும் உயிர்வாழ்கிறது. பழைய விளம்பரத்தின் ‘துறை 5’, ‘துறை 9’ என்பவற்றின் வழித்தோன்றலே இந்த வால்.

4. எண்ணிக்கை எல்லையை வகுத்த நிலம்

சொடுக்கின் கணக்கு எதற்குப் பயன்படுகிறது என்பதை அறிய, தலைக்கணக்கு எதற்குப் பயன்பட்டது என்பதை நினைவுகூர்தல் வேண்டும். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் என்றுமே எல்லை ஊர்களாக இருந்தவை அல்ல. 1956 நவம்பர் 1 வரை அவை திருவிதாங்கூரின், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியின் உள்நாட்டு ஊர்கள். தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரையும் இடம்பெற்றிருந்தது. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன.

1955இல் அறிக்கை தந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், வட்டத்தை அலகாகக் கொண்டு மொழிவாரி எண்களைக் கருதிற்று. தெற்கிலுள்ள நான்கு வட்டங்கள் சென்னைக்குச் சென்றன. மலையாளம் பேசுவோர் பெரும்பான்மையாக இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே ஒரு கோடு விழுந்தது. அலகு வட்டமாக இருந்ததால், வட்டத்திற்கு உள்ளே தமிழ் வழங்கிய சிற்றூர்கள் பெரும்பான்மைக் கணக்கில் அமிழ்ந்தன. கோட்டின் மறுபுறம் விளவங்கோட்டில் மலையாளம் வழங்கிய வீடுகளுக்கும் இதே கதி நேர்ந்தது. தாய்மொழி என்னும் கட்டத்தில் எழுத ஒரு மொழிக்கே இடமிருந்தது. வீட்டில் ஒன்றும் சந்தையில் ஒன்றும் பேசுபவர் அந்தக் கட்டத்தில் பாதியாகவே பதிவானார்.

கோடு விழுந்த பின் சாவடி வந்தது. வணிகச் சாவடிகளை நீக்கிய பழைய நினைவொன்று இந்நிலத்திற்கு உண்டு: திவான் டி. மாதவராவ் காலத்தில், 1865இல், பிரித்தானிய இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகியவற்றுக்கிடையே ஏற்பட்ட வணிக உடன்பாடு உள்நாட்டுச் சுங்கச் சாவடிகளை அகற்ற வழிசெய்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப் பின் புதிய மாநில எல்லையில் விற்பனைவரிச் சோதனைச் சாவடிகள் எழுந்தன. நெய்யாற்றின்கரையை அடுத்த அமரவிளை அவற்றுள் பெயர்பெற்றது. சரக்குந்து நிற்கும், அனுப்பியவர் யார், பெறுபவர் யார், சரக்கு என்ன என்று எழுதப்படும், பின் வழிவிடப்படும். சரக்கு சென்று சேரும் இடம் மாறவில்லை. நடுவில் ஒரு நிறுத்தமும் ஒரு பதிவும் மட்டுமே கூடின.

சுருக்க முகவரி செய்வது இதையே என்பதை மேலும் விளக்க வேண்டியதில்லை. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வரிச் சாவடிகள் நீங்கின. 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கிடையிலான சரக்குகளுக்கு மின்வழிச் சீட்டு கட்டாயமாயிற்று. சாலையோரக் கொட்டகையில் எழுதப்பட்ட பதிவு வழங்கிக்குள் குடிபெயர்ந்தது. அதே ஆண்டுகளில்தான் எல்லைச் சிற்றூர்களின் வாங்குதலும் விற்றலும் கைப்பேசியின் இணைப்புகளுக்குப் பெயர்ந்தன.

5. எல்லையில் விழும் சொடுக்கு

நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த பாலராமபுரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மரின் காலத்தில் தமிழகத்திலிருந்து குடியேற்றப்பட்ட சாலியர் குடும்பங்கள் அவ்வூரின் நெசவுக்கு அடித்தளமிட்டன. உம்மிணித் தம்பியின் பெயரும் அம்முயற்சியோடு சேர்த்துக் கூறப்படுகிறது. குழித்தறியில் நெய்யப்படும் அவ்வூர்ச் சேலைகளுக்கும் நுண்பருத்தித் துணிகளுக்கும் புவிசார் குறியீடு உண்டு. தமிழ் வேர் கொண்ட நெசவாளர் நெய்து, ஓணத்திற்கு மலையாளிகள் உடுத்தும் துணி அது. விசைத்தறிப் போலிகள் அதே பெயரில் இணையத்தில் விற்கப்படும் இக்காலத்தில், உண்மையான நெசவாளர் தம் வாடிக்கையாளரை நேரே அடைவது பிழைப்பைப் பற்றிய செய்தி.

அவ்வாறு அடைவதற்குள்ள எளிய வழி இணைப்பு. வாட்ஸ்அப் நிறுவனத்தின் ‘வா.மீ’ என்னும் குறுமுகவரி, எண்ணைச் சேமிக்காமலே உரையாடலைத் திறக்கிறது. 2018இல் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி சிறு கடைகளுக்கும் பொருள்பட்டியலைத் தந்தது. துணியோடு இணைத்த அட்டையில் ஒரு க்யூஆர் கட்டம். அதற்குள் ஒரு சுருக்க முகவரி. யார் எங்கிருந்து பார்க்கிறார் என்னும் கணக்கு திரையில் வரைபடமாய் விரிகிறது. எந்த மொழியில் விளம்பரம் எழுதுவது, எந்த ஊருக்குப் பணம் செலவிடுவது என்னும் முடிவுகள் அந்த வரைபடத்தைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன.

எல்லையில் அந்த வரைபடம் பிழைபடுகிறது. ஐபி எண்ணைக்கொண்டு இடத்தை ஊகிக்கும் முறை கைப்பேசி இணையத்தில் வலுவற்றது. பல்லாயிரம் பயனர்கள் ஒரே பொது எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றனர். அந்த எண் சுட்டுவது பயனரின் ஊரை அன்று, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாயில் அமைந்த பெருநகரை. தொலைத்தொடர்பு உரிமங்களில் கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு மற்றொன்று. அலைவரிசையோ மாநிலக் கோட்டில் நிற்பதில்லை. பாறசாலையில் வாழ்பவர் களியக்காவிளைக் கடையில் வாங்கிய இணைப்பைப் பயன்படுத்தலாம். அக்கரையில் வாழ்பவர் இக்கரையின் இணைப்பைப் பயன்படுத்தலாம். 629 என்று தொடங்கும் குமரி மாவட்ட அஞ்சல் எண்ணுக்கும் 695 என்று தொடங்கும் திருவனந்தபுரம் மாவட்ட அஞ்சல் எண்ணுக்கும் இடையே நடந்து செல்லத்தக்க தொலைவுதான். வரைபடத்திலோ அவர்கள் இரு பெருநகரங்களின் மக்கள்.

மொழிக் கணக்கு இதனினும் தவறானது. உலாவி அனுப்பும் மொழிக்குறிப்பு, கைப்பேசியின் அமைப்பில் எந்த மொழி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்பதையே காட்டும். கைப்பேசியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் படிப்பவர் ஆங்கிலத்தாராகவே எண்ணப்படுகிறார். தமிழையும் மலையாளத்தையும் ஒரே மூச்சில் பேசுபவருக்கு அக்குறிப்பில் இரு மொழிகளையும் வரிசைப்படுத்த இடமுண்டு; ஆயினும் அவ்வாறு அமைத்துக்கொள்வோர் அரியர். 1950களின் தாய்மொழிக் கட்டம் செய்த பிழையை இந்தக் கட்டம் மீண்டும் செய்கிறது. முன்னதற்குக் கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலுக்கு வந்து வாய்விட்டுக் கேட்டார். பின்னதற்கு எவரும் கேட்பதில்லை.

எண்ணிக்கையின் தொகையும் ஐயத்திற்குரியது. இணைப்பை உரையாடலில் ஒட்டியதும் முன்னோட்டம் காட்டும் பொருட்டு மென்பொருளே அப்பக்கத்தை அணுகுகிறது. மின்னஞ்சலின் பாதுகாப்பு வடிகட்டிகளும் அவ்வாறே செய்கின்றன. வடிகட்டப்படாதவிடத்து இவையும் சொடுக்குகளாகக் கணக்கில் ஏறும். மறுபுறம், ஒரு கைப்பேசியில் குடும்பமே சேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அது ஒரே சொடுக்கு. படத்தை மட்டும் பிடித்து உறவினருக்கு அனுப்பினால் கணக்கே இல்லை. சாவடியைத் தவிர்த்துச் செல்லும் ஊடுவழிகள் நிறைந்த நிலத்தில், சாவடியின் பதிவேடு என்றுமே போக்குவரத்தின் முழுக் கணக்காக இருந்ததில்லை. இணைப்பின் பதிவேடும் அத்தகையதே.

இதன் விளைவு கண்கூடு. கணக்கில் தோன்றாத மொழிக்கு விளம்பரம் எழுதப்படாது. விளம்பரம் எழுதப்படாத மொழியில் சொடுக்கு விழாது. விழாத சொடுக்கு அம்மொழிக்கு அங்கே தேவையில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும். சிறுபான்மை மொழி ஒன்று சந்தையிலிருந்து மறைவதற்கு எவருடைய பகையும் வேண்டியதில்லை. பிழையான வரைபடம் ஒன்றே போதும்.

6. அழியும் பதிவேடு

பதிவேடு பிறர் கையில் இருப்பதன் இடர் விரைவிலேயே புலப்பட்டது. 2009 ஆகஸ்டில் டிஆர்.ஐஎம் என்னும் சுருக்கி தன் சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்து, அதன் இணைப்புகளை நம்பியிருந்தோரைத் திகைக்க வைத்தது. அவ்வாண்டு இறுதியில் இன்டர்நெட் ஆர்க்கைவ், சுருக்கிகளின் பதிவேடுகளைக் காக்க ‘301வொர்க்ஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பிட்.லி என்னும் பெயரின் ஈற்றில் நிற்கும் ‘லி’ லிபிய நாட்டுக்குரிய முகவரிக்குறி. 2010இல் அதே ஈறு கொண்ட மற்றொரு சுருக்கியின் பெயரை லிபியப் பதிவகம் பறித்துக்கொண்டபோது, ஒரு குறுமுகவரி எத்தனை நாடுகளின் சட்டங்களைச் சார்ந்து நிற்கிறது என்பது தெளிவாயிற்று.

கூகுளின் கூ.ஜிஎல் 2018இல் புதியவர்களுக்குக் கதவை மூடியது. 2019 மார்ச்சில் புதிய முகவரி அமைப்பதும் நின்றது. பழைய இணைப்புகள் 2025 ஆகஸ்டு 25 அன்று செயலிழக்கும் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும், பயன்பாட்டிலுள்ள இணைப்புகள் மட்டும் காக்கப்படும் என்று முடிவு மாற்றப்பட்டது. ஓர் ஆவணம் காக்கப்படுவதற்கு அண்மையில் அதனை எவரேனும் சொடுக்கியிருக்க வேண்டும் என்னும் அளவுகோல் வரலாற்று மாணவரைச் சிந்திக்கச் செய்யும். ஆவணக் காப்பகத்தில் நூறாண்டு தீண்டப்படாத ஓலையே சில வேளை ஆய்வின் திறவுகோலாகிறது.

இழப்பின் அளவு அறியப்பட்டதே. அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாகச் சுட்டப்பட்ட இணைய முகவரிகளுள் ஏறத்தாழப் பாதி, முதலில் சுட்டிய செய்திக்கு இட்டுச்செல்லவில்லை என்று ஹார்வர்டு சட்ட ஆய்வாளர்கள் 2013இல் கண்டனர். 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டில் கிடைக்காமற்போயின என்று பியூ ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது. சுருக்க முகவரி இந்த அழிவை இரட்டிப்பாக்குகிறது. இலக்குப் பக்கம் உயிரோடிருந்தும் வழிகாட்டி மறைந்தால் பயனில்லை. முழு முகவரி அழிந்தாலும் அதன் சொற்களைக்கொண்டு எதைச் சுட்டியது என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆறு குறிகளைக்கொண்டு எதையும் ஊகிக்க இயலாது.

7. அறிவிப்பு எந்த மொழியில்?

இலக்கை மறைக்கும் இயல்பால் சுருக்க முகவரி மோசடிக்கும் கருவியாயிற்று. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஆகஸ்டு 20 அன்று பிறப்பித்த ஆணையின்படி, முன்பதிவு செய்து ஏற்பளிக்கப்படாத இணைப்புகளைத் தாங்கிய குறுஞ்செய்திகள் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் தடுக்கப்படுகின்றன. தந்தி விலாசத்தைப் பதிவு செய்த முறை வேறு உருவில் திரும்பியுள்ளது எனலாம். பதிவு செய்யும் வசதியுடைய பெருநிறுவனத்திற்கு இது எளிது. தறி வைத்திருப்பவருக்கு அத்துணை எளிதன்று. அவர் கட்டுப்பாடற்ற வாட்ஸ்அப் வழியையே நாடுவார்.

2023 ஆகஸ்டு 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தனிநபருக்கு அளிக்க வேண்டும் என்கிறது. எல்லைச் சிற்றூர்களின் நோக்கில் இது ஆழ்ந்த மாற்றம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர்க்கு அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ளும் உரிமையை வழங்கியது. ஆயினும் மொழியுரிமை என்பது நிலப்பரப்பையும் எண்ணிக்கையையும் பொறுத்தே நெடுங்காலம் கருதப்பட்டது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் மொழியை ஆளோடு பிணைக்கிறது. பாறசாலையில் வாழும் தமிழர் ஒருவர், தம் ஊரில் தமிழர் எத்தனை விழுக்காடு என்னும் வினாவுக்கு இடமின்றி, தமிழில் அறிவிப்பைக் கோரலாம். களியக்காவிளையில் வாழும் மலையாளிக்கும் அவ்வுரிமை உண்டு.

ஆனால் சுருக்க முகவரி இந்த வாயிலைத் தாண்டிச் செல்கிறது. இசைவு கேட்கும் அறிவிப்பு இலக்குப் பக்கத்தில் தோன்றுவது. சொடுக்கோ அதற்கு முன்பே, நடுவிலுள்ள வழங்கியில் பதிவாகிவிடுகிறது. எந்த மொழியில் கேட்பது என்னும் வினா எழுவதற்குள், எந்த மொழியினர் என்று ஊகித்து எழுதிய குறிப்பு உருவாகிவிடுகிறது. சட்டத்தின் நன்னோக்கம் அந்த இடைநொடியை எட்டுமா என்பதே எல்லைப்புறத்துப் பயனருக்கு முதன்மையான கேள்வி.

செய்யத்தக்கவை சில உண்டு. அவை பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. நெசவாளர் கூட்டுறவு ஒன்று தனக்கென ஒரு பெயர்க்களத்தை வாங்கி, சுருக்க முகவரிகளைத் தானே அமைத்துக்கொண்டால், பதிவேடு அதன் கையிலேயே இருக்கும். அட்டையில் அச்சிட்ட க்யூஆர் கட்டமும் பிற நிறுவனத்தின் முடிவால் இறவாது. வாடிக்கையாளரின் மொழியைக் கருவியின் குறிப்பைக்கொண்டு ஊகிப்பதற்கு மாற்றாக, முதற்பக்கத்தில் தமிழ், மலையாளம் என இரு பொத்தான்களை வைத்துக் கேட்டுவிடலாம். ஆய்வாளர் தம் கட்டுரைகளில் சுருக்க முகவரியைத் தவிர்த்து முழு முகவரியையும் பார்த்த நாளையும் குறித்து, பக்கத்தின் படியொன்றைக் காப்பகத்தில் சேமித்துவைப்பது நலம். எல்லைப்புற மொழிநிலையை ஆராய்வோர், நிறுவனங்கள் தரும் சொடுக்கு வரைபடங்களைச் சான்றாகக் கொள்வதற்கு முன், அவை எவற்றை எண்ணின, எவற்றை எண்ணவில்லை என்று கேட்டறிதல் வேண்டும். 1955இன் அறிக்கையை இன்று படிக்கும்போது கேட்கப்படும் வினாவும் அதுவே: அலகை முடிவு செய்தவர் யார்?